ஆறு மாதக் கையெழுத்து

ஜனவரி 5, 2025 – ஞாயிறு, ஸ்ரீபெரும்புதூர்

பிப்ரவரி 3-ஆம் தேதி டியூட்டியில் சேரச் சொல்லி ஆர்டர் வந்துவிட்டது. எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை, இரண்டாம் வருடம், விட்ட இடத்திலிருந்து. விடுப்பில் போன காலத்துக்கு ஏற்றபடி படிப்பு நீளும், தேர்வு தள்ளிப்போகும். விதியில் இருப்பது அவ்வளவுதான்.

தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து மகப்பேறு விடுப்பு பன்னிரண்டு மாதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு சர்வீஸ் கோட்டாவில் பி.ஜி. சேர்ந்தவள் என்பதால் எனக்கும் அது கிடைத்தது. அந்த விடுப்பு இல்லையென்றால் பாப்பாவுக்கு இந்த முதல் வருடத்தை என்னால் கொடுத்திருக்க முடியாது. "ஒரு வருஷமா லீவு?" என்று இழுத்துப் பேசும் யாரோடும் நான் சண்டைக்குப் போவேன். ஆகவே இந்த நோட்டில் எழுதப்போவது விடுப்பைப் பற்றிய புலம்பல் அல்ல. திரும்பிப் போவதைப் பற்றி. நாள் கணக்கைச் சரிசெய்ய விதி இருக்கிறது. கைக்கு என்ன ஆயிற்று என்று கேட்க ஒரு வரி கிடையாது.

பாப்பா தூங்கியதும் 2-0 சில்க் நூலை எடுத்துக் கட்டில் காலில் முடிச்சுப் போட்டுப் பார்த்தேன். இரண்டு கையாலும் போடும் முடிச்சு தானாக வந்தது. கண்ணை மூடினாலும் வந்தது. நீடில் ஹோல்டரால் போடுவதும் பரவாயில்லை. இடது கையால் மட்டும் போடும் முடிச்சில்தான் விரல்கள் நின்றுவிட்டன. நடுவிரல் நூலுக்குக் கீழே போக வேண்டுமா மேலே போக வேண்டுமா என்று யோசிக்க வேண்டியிருந்தது. யோசித்தபோதே இறுக்கம் தளர்ந்தது. முதல் வருடத்தின் கடைசியில்தான் அது எனக்குக் கைவந்திருந்தது. கடைசியில் வந்தது முதலில் போயிருக்கிறது.

ஜனவரி 8 – புதன்

பாப்பா தூங்கும் நேரங்களில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். பிரிட்டனின் ஜெனரல் மெடிக்கல் கவுன்சில் 2014-இல் ஒரு ஆய்வுத் தொகுப்பு வெளியிட்டிருக்கிறது. வேலையை விட்டு விலகி இருக்கும் மருத்துவர்களின் திறன் எப்படித் தேய்கிறது என்பதுதான் பொருள். ஆறு மாதம் முதல் பதினெட்டு மாதம் வரையிலான இடைவெளிகளில் திறன் குறைவது பல ஆய்வுகளில் தெரிகிறது. குறைவது ஒரே சீராக இல்லை. ஆரம்பத்தில் சடசடவென்று இறங்கி, பிறகு நிதானப்படுகிறது. இடைவெளிக்கு முன் எவ்வளவு ஆழமாகக் கற்றிருந்தோமோ அவ்வளவு குறைவாகத் தேய்கிறது. ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. இன்னொன்றும் சொல்கிறார்கள்: "எனக்கு இன்னும் வரும்" என்று ஒருவர் தன்னைப் பற்றி நினைப்பதும் அவர் உண்மையில் செய்து காட்டுவதும் பல சமயம் ஒத்துப்போவதில்லை.

இதைப் படித்தபோது என் சீஃபை நினைத்தேன். ஒரு வருடம் அவர் கத்தியைத் தொடாமல் இருந்துவிட்டுத் திரும்பினாலும், பல்லாயிரம் முறை செய்த கை அது. ஒரு வாரத்தில் சரியாகிவிடும். பாதி கற்ற நிலையில் போனவளுக்கு அப்படி இல்லை. எனக்கு அப்பெண்டிக்ஸ் அறுவை அப்போதுதான் கைகூடத் தொடங்கியிருந்தது. லேப்ராஸ்கோப்பியில் கேமரா பிடிப்பதைத் தாண்டி இரண்டு கையையும் உள்ளே விட அனுமதி கிடைத்த சமயம். பயிற்சிக் காலத்தில் விழும் இடைவெளி, பயிற்சி முடிந்தபின் விழும் இடைவெளியைவிட அதிகம் எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் மகப்பேறு விடுப்பு பெரும்பாலும் விழுவது இந்த வயதில்தான், இந்த வருடங்களில்தான்.

ஒரு ஆறுதலும் உண்டு. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே தன்னையே வைத்துச் சோதித்து எழுதியது அது. மறந்ததை மறுபடி கற்க, முதல்முறை கற்க ஆன நேரம் ஆவதில்லை. அவர் சோதித்தது அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்வதை. கைக்கும் அது பொருந்துகிறது என்பதற்குக் கட்டில் காலே சாட்சி. மூன்றாவது ராத்திரியில் இடது கை முடிச்சு பாதி திரும்பிவிட்டது.

ஜனவரி 10 – வெள்ளி, வைகுண்ட ஏகாதசி

விடியற்காலையிலிருந்தே ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டம். அத்தை நாலு மணிக்கே கிளம்பிப் போய், சொர்க்கவாசல் பார்த்துவிட்டு எட்டரைக்கு வந்தார். ராமானுஜர் பிறந்த ஊர் என்பதால் வெளியூர்க்காரர்களும் நிறைய. ஷிப்ட் பஸ்களும் கோயில் கூட்டமும் ஒன்றாகச் சேர்ந்து, என் கணவர் ஒரகடம் போய்ச் சேர வழக்கத்தைவிட ரொம்ப நேரமாகிவிட்டது.

அவர் வேலை ஒரகடத்தில் பிரஷர் வெசல் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில், வெல்டிங் பிரிவுக்குப் பொறுப்பு. சாயங்காலம் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார். அங்கே ஒரு மூத்த வெல்டருக்குத் தோள்பட்டையில் பிரச்சினை. ஏழு மாதமாக வரவில்லை. இன்று திரும்பி வந்திருக்கிறார். வந்ததும் அவரை வேலையில் விடவில்லை. தனியாக ஒரு கூப்பன், அதாவது சோதனைத் துண்டு, கொடுத்து டெஸ்ட் வெல்ட் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஏங்க, அவர் உங்களைவிட சீனியராச்சே?" என்றேன்.

"எங்க எல்லாரையும்விட நல்லா போடுவார். அதுக்கென்ன? ஆறு மாசம் அந்த ப்ராசஸ்ல வெல்ட் போடலைன்னா குவாலிஃபிகேஷன் போயிடும். மறுபடி டெஸ்ட் கொடுத்துத்தான் வரணும்."

"கோபப்பட மாட்டாரா?"

"எதுக்குக் கோபம்? நல்லவரா இல்லையான்னா அந்தப் பேப்பர் கேக்குது? போன ஆறு மாசத்துல செஞ்சாரான்னு கேக்குது. அவ்வளவுதான்."

எழுந்து போய் கம்பெனியின் 'கன்டினியூட்டி ரெக்கார்டு' படத்தைப் போனில் காட்டினார். ஒவ்வொரு வெல்டருக்கும் ஒரு வரி. எந்த ப்ராசஸில் எந்தத் தேதியில் வேலை செய்தார், பொறுப்பாளர் கையெழுத்து. ஏ.எஸ்.எம்.இ. ஒன்பதாம் பிரிவிலும் இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 9606-இலும் இருக்கிறது இந்த ஆறு மாதக் கெடு. ஏ.எஸ்.எம்.இ. விதியில் எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த பகுதி. இடைவெளியால் தகுதி போனவர் எல்லா டெஸ்டையும் முதலிலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கூப்பன் சரியாக வந்தால் போதும். அந்த ப்ராசஸில் முன்பு வைத்திருந்த தகுதி அத்தனையும் திரும்பிவிடும்.

இதில் தண்டனை என்று ஒன்றும் இல்லை. அவமானம் இல்லை. ஒரு இரும்புக் கலத்தின் தையலுக்கு இந்த அக்கறை இருக்கிறது.

ஜனவரி 15 – புதன், மாட்டுப் பொங்கல்

கம்பெனிகள் லீவு. சுங்குவார்சத்திரம் வழியாக நாத்தனார் வீட்டுக்குப் போய் வந்தோம். ரோட்டில் கன்டெய்னர் லாரிகளே இல்லாமல் பார்ப்பது வருடத்தில் இந்த இரண்டு மூன்று நாள்தான்.

மதியம் ஒரு அக்கா போனில் பேசினார். எங்கள் கல்லூரியில் எனக்கு முந்தியவர்; 2018-இல் எம்.எஸ். சேர்ந்து கொரோனாவுக்குள் அகப்பட்ட பேட்ச். 2020 மார்ச்சில் அவசரமில்லாத அறுவைகளைத் தள்ளிவைக்கச் சொல்லி மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது. அதன்பின் அவர்கள் வார்டில் பி.பி.இ. உடுப்போடு நின்றார்கள், தொண்டையில் ஸ்வாப் எடுத்தார்கள், ஆக்சிஜன் அளவு பார்த்தார்கள். முதல் அலையின் பன்னிரண்டு வார உச்சத்தில் மட்டும் உலகம் முழுக்க 2 கோடியே 80 லட்சத்துக்கு மேல் அறுவை சிகிச்சைகள் தள்ளிப்போகும் என்று கோவிட்சர்ஜ் ஆய்வுக் குழு அந்த மே மாதம் கணக்கிட்டது. நோயாளிகள் பக்கத்திலிருந்து இந்தக் கணக்கைப் பலர் எழுதிவிட்டார்கள். அந்த அறுவைகளில் எதிர்ப்பக்கம் நின்று கற்றிருக்க வேண்டிய கைகளைப் பற்றிப் பேச்சு குறைவு.

"எங்களுக்கு லீவுன்னு பேர் இல்லை, தினமும் டியூட்டி. அதனால கை போச்சுன்னு யாருக்கும் தோணவே இல்லை" என்றார் அக்கா. "இரண்டாவது அலை முடிஞ்சு ஹெர்னியா லிஸ்ட் திறந்தப்போ ஒரு நாள் எக்ஸ்டர்னல் ஆப்ளிக் திறந்துட்டு நின்னேன். அடுத்து நரம்பைத் தேடணும்னு தெரியும். எங்கே தேடணும்னு கை சொல்லலை. அசிஸ்டன்ட் புரொஃபசர், ஏ.பி. சார், ஃபோர்செப்ஸால தொட்டுக் காட்டினார். அதுவே போதுமா இருந்துச்சு."

அந்தச் சமயத்தில் நீட் பி.ஜி. தேர்வு வேறு ஏப்ரலிலிருந்து 2021 செப்டம்பர் 11-க்குப் போய், கலந்தாய்வு 2022 ஜனவரியில்தான் தொடங்கியது. புது முதலாமாண்டு வராததால் இருந்தவர்களே எல்லா வேலையையும் இழுத்தார்கள். அதே காலத்தில் நான் வாலாஜாபாத் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி முகாம் நடத்திக்கொண்டிருந்தேன். காய்ச்சல், சர்க்கரை, கர்ப்பிணிகள், நாய்க்கடி. ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது கற்ற தையல் அங்கே வெட்டுக்காயங்களில் மட்டும் உயிரோடு இருந்தது.

சர்வீஸ் டாக்டர்களுக்கு இது தெரிந்த கதைதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வருடங்கள், பிறகு பி.ஜி., பிறகு மறுபடி எங்கே போஸ்டிங் என்ற கேள்வி. மாநிலங்கள் சர்வீஸ் டாக்டர்களுக்கு பி.ஜி.யில் தனி இடம் ஒதுக்கலாம் என்று 2020 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது தமிழ்நாடு மெடிக்கல் ஆபீசர்ஸ் அசோசியேஷன் தொடுத்த வழக்கில்தான். அந்த ஒதுக்கீட்டால்தான் கிராமத்தில் வேலை செய்தவர்கள் நிபுணர்களாக முடிகிறது. முடித்தபின் மயக்க மருத்துவர் இல்லாத மருத்துவமனையில் ஒரு அறுவை நிபுணரைப் போட்டால், அவர் கை மறுபடி ஓய்ந்து போகும். அரசு செலவழித்துக் கற்றுக்கொடுத்ததை அரசே தேய விடுகிறது. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

ஜனவரி 19 – ஞாயிறு

லேப்ராஸ்கோப்பி பழக, சமையல்கட்டில் இவர் சின்னதாக ஒரு பாக்ஸ் ட்ரெய்னர் செய்துவிட்டார். மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி, மூடியில் இரண்டு துளை, உள்ளே ஒரு எல்.இ.டி. பட்டை, பழைய வெப்கேமரா. படம் லேப்டாப்பில் வருகிறது. கிரிப்பரும் நீடில் ஹோல்டரும் ஒரு தோழி கொடுத்தனுப்பினாள்.

பட்டாணியை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது முதல் நாளே வந்துவிட்டது. உள்ளேயே முடிச்சுப் போடுவது வரவில்லை. ஊசியைச் சரியான கோணத்தில் பிடிப்பதற்குள் தோள் வலித்தது. படித்ததும் இதைத்தான் சொல்கிறது: எளிய அசைவுகள் நிலைக்கும், பல படிகள் வரிசையாக வர வேண்டிய வேலைதான் முதலில் சிதறும். திரையைப் பார்த்துக்கொண்டு, ஆழம் தெரியாமல், வெளியே வலது பக்கம் அசைத்தால் உள்ளே இடது பக்கம் போகும் கருவியால் வேலை செய்வது உடம்புக்கு இயல்பான விஷயமே இல்லை. உடம்பு அதைக் கடன் வாங்கித்தான் வைத்திருக்கிறது.

சாயங்காலம் கறிக்கடையில் கோழிக் கால் வாங்கினேன், தோலோடு. தொடையில் ஓடும் ரத்தக்குழாய் மைக்ரோசர்ஜரி பயிற்சிக்கு உலகமெங்கும் பயன்படுகிறது. என்னிடம் நுண்ணோக்கியும் இல்லை, 10-0 நைலானும் இல்லை. அந்த நூல் தலைமுடியைவிட மெல்லியது. நான் செய்தது சாதாரணத் தையல்தான், தோலுக்கும் அடியிலுள்ள படலத்துக்கும். அத்தை எட்டிப் பார்த்து, "தெச்சு முடிச்சா கொழம்பு வெக்கலாமா?" என்று கேட்டார். கூடாது என்றேன். நூல் கிடக்கிறது உள்ளே.

தூங்கும்முன் ஹெர்னியா அறுவை ஒன்றை முழுக்க மனதில் ஓட்டிப் பார்க்கிறேன், தோலிலிருந்து தோல் வரை. வெட்டு, ஆப்ளிக், நரம்பு, கார்டைத் தூக்குவது, சாக், பிறகு ப்யூபிக் ட்யூபர்க்கிள் மேல் மெஷ்ஷின் முதல் தையல். மனதில் ஒத்திகை பார்ப்பது கைக்கும் பலன் தருகிறது என்று சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். செலவில்லாத பயிற்சி. பால் கொடுத்துக்கொண்டே செய்யலாம்.

ஜனவரி 23 – வியாழன்

மாடி அறையில் ஒடிசாப் பையன்கள் ஐந்தாறு பேர் தங்கியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு நேற்று ராத்திரி ஷிப்டில் பிரஸ்ஸில் சுட்டுவிரல் நுனி நசுங்கிவிட்டது. கம்பெனி வண்டியில் முதலில் பக்கத்து மருத்துவமனை, பிறகு ஸ்டான்லி. இன்று மதியம் கட்டோடு வந்திறங்கினான். நுனி எலும்பு நொறுங்கியிருந்ததால் சீர்செய்து மூடியிருக்கிறார்கள். கட்டு சுத்தமாக, அளவாகப் போடப்பட்டிருந்தது. கை அறுவை தெரிந்தவர் வேலை அது.

வடசென்னை ஸ்டான்லியில் 1971-இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கை அறுவைப் பிரிவுக்குத்தான் இந்தத் தொழிற்பட்டையின் நசுங்கிய விரல்கள் பல போய்ச் சேருகின்றன. 2018 பிப்ரவரியில் கைமாற்று அறுவை செய்ததும் அதே இடம். இங்கிருந்து நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். விரலை நேராக ஐஸில் போடக்கூடாது. முறையாகக் குளிரில் வைத்தால் விரல் பல மணி நேரம் தாங்கும். தசை உள்ள மணிக்கட்டு, முன்கை என்றால் ஆறு மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும். இதை அறைப் பையன்கள் எல்லோருக்கும் தமிழும் இந்தியும் கலந்து சொன்னேன். ஒருவன் போனில் பதிவு செய்துகொண்டான்.

அடிபட்டவன் ஊருக்குப் போய் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பியவன். வந்த மறுநாளே பிரஸ்ஸில் நிறுத்தியிருக்கிறார்கள். இடைவெளிதான் விபத்துக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினால்தான் இயங்கும் அமைப்பு சரியாக இருந்திருந்தால், பழக்கம் விட்டுப்போன கையும் தப்பியிருக்கும். முதலில் கேட்க வேண்டியது அதை. ஆனாலும், "டோஜோ இல்லையா?" என்று இவரிடம் கேட்டேன்.

டோஜோ என்பது ஜப்பானியக் கம்பெனிகளால் இந்தப் பக்கம் பரவிய ஏற்பாடு. லைனுக்குப் பக்கத்திலேயே ஒரு பயிற்சிக் கூடம். நட்டு முடுக்குவதிலிருந்து எல்லாவற்றையும் அங்கே செய்து காட்டி, தேறிய பிறகே லைனுக்கு அனுப்புவார்கள். நீண்ட லீவு முடிந்து வருபவருக்கும் அங்கே ஒரு சுற்று உண்டு. பெரிய கம்பெனிகளில் இது ஒழுங்காக நடக்கிறது. அவற்றுக்கு உதிரிபாகம் செய்யும் சின்ன இடங்களில், அதிலும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு, நடப்பது நிச்சயமில்லை. யார் கை அதிகம் அடிபடுகிறதோ அவர்களுக்குத்தான் அது கிடைப்பதில்லை.

தன் பிரிவில் மாட்டியிருக்கும் 'ஸ்கில் மேட்ரிக்ஸ்' பலகையின் படத்தை இவர் காட்டினார். ஆட்கள் பெயர் ஒரு பக்கம், வேலைகள் மேலே. ஒவ்வொரு கட்டத்திலும் நாலாகப் பிரித்த ஒரு வட்டம். கால் வட்டம் கறுப்பானால் வேலை தெரியும். அரை வட்டம், மேற்பார்வையில் செய்வார். முக்கால், தனியாகச் செய்வார். முழு வட்டம், பிறருக்குக் கற்றுக்கொடுப்பார். எங்கள் லாக் புக் அப்படியே இதுதான்! பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியாகச் செய்தது.

ஒரு வித்தியாசம். அவர்கள் பலகையில் முக்கால் வட்டம் ஆள் வராமல் போனால் அரையாக இறங்கும். டெஸ்ட் வெல்ட் போட்டதும் மறுபடி ஏறும். எங்கள் லாக் புக்கில் ஏறியது இறங்குவதில்லை. 2023-இல் 'தனியாகச் செய்தது' என்று கையெழுத்தான அப்பெண்டிக்ஸ், எத்தனை வருடம் ஆனாலும் 'தனியாகச் செய்தது'தான். அதைப் புரட்டிப் பார்க்கும் எவருக்கும் நடுவில் ஒரு வருடம் காலியாக இருப்பது கண்ணில் படாது. பிப்ரவரி 3-ஆம் தேதி ராத்திரி எமர்ஜென்சியில் ஒரு அப்பெண்டிக்ஸ் வந்தால், அந்தப் பக்கத்தை நம்பி என்னிடம் கொடுப்பார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லத் தயங்குவேன். பிள்ளை பெற்றதால் பயந்துவிட்டாள் என்ற பேர் வருமே என்று.

ஜனவரி 24 – வெள்ளி

வெல்டர்களைப் போலப் பைலட்டுகளுக்கும் ஒரு கெடு உண்டு. கடந்த 90 நாளில் மூன்று முறை விமானத்தை ஏற்றி இறக்கியிருக்காவிட்டால், பயணிகளோடு பறப்பதற்கு முன் அதைச் சிமுலேட்டரிலோ பயிற்றுநரோடோ செய்து காட்ட வேண்டும். பிரிட்டனில் மூன்று மாதத்துக்கு மேல் விலகியிருந்த மருத்துவர் திரும்பும்போது, மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து என்னென்ன விட்டுப்போயிருக்கிறது, எத்தனை நாள் மேற்பார்வை வேண்டும் என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள். மருத்துவ ராயல் கல்லூரிகளின் கூட்டமைப்பு 2012-இலேயே இதற்கு வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது.

நம் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 பி.ஜி. விதிகள் வாரம் ஒரு நாள் ஓய்வு உண்டு என்று சொல்கின்றன, அது நல்லது. மகப்பேறு விடுப்பு அரசு விதிப்படி என்று சொல்கின்றன, அதுவும் நல்லது. விடுப்பு நீண்டால் பயிற்சியும் நீளும். ஆனால் நீட்டித்த காலத்தின் முதல் மாதம் எப்படி இருக்க வேண்டும் என்ற பகுதியும் அதில் வேண்டும்.

ஜனவரி 29 – புதன், தை அமாவாசை

யூனிட் சீஃபுக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டேன். பலமுறை அடித்து எழுதியது. தயவு கேட்கும் வரிகளை எல்லாம் எடுத்துவிட்டேன்.

கேட்டது இவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் தியேட்டரில் உதவியாளராக மட்டும். அடுத்த இரண்டு வாரம் ஹைட்ரோசீல், ஹெர்னியா போன்றவற்றில் மேற்பார்வையோடு. எமர்ஜென்சி டியூட்டியில் முதல் மாதம் தனியாக என்னைப் போட வேண்டாம். சீனியர் ஒருவர் கூட இருக்கட்டும். பூட்டியே கிடக்கும் ஸ்கில்ஸ் லேப் சாவி வாரம் இரண்டு நாள். முடிவில் அவரே பார்த்து, எது திரும்பியது எது திரும்பவில்லை என்று லாக் புக்கில் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். இது எனக்கு மட்டும் என்றில்லாமல், மூன்று மாதமோ அதற்கு மேலோ தியேட்டரை விட்டுப் போய் வரும் எல்லா பி.ஜி.க்கும் என்று வைத்தால் நல்லது. மஞ்சள்காமாலையில் படுத்தவன், தோள் உடைந்தவன், மாவட்ட மருத்துவமனைப் போஸ்டிங்கில் கேஸ் கிடைக்காமல் மூன்று மாதம் ஓ.பி. பார்த்துவிட்டு வந்தவன், எல்லோருக்கும்.

பிப்ரவரி 3 – திங்கள்

ஆறு மணி பஸ். பாப்பா அழவில்லை.

சீஃப் என்னைத் தன் அறைக்கு அழைத்து, கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு பேசினார். "நாங்கள்லாம் இப்படிக் கேட்டதே இல்லைம்மா. போய் நின்னோம், செஞ்சோம்" என்றார். அது உண்மை என்று எனக்குத் தெரியும். அவர்கள் காலத்தில் பெண்கள் இந்தத் துறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதும் தெரியும். வெல்டர் கதையைச் சொன்னேன், ஆறு மாதக் கெடு, ஒற்றைக் கூப்பன் எல்லாம். கேட்டுக்கொண்டே இருந்தவர், "பாய்லருக்கா?" என்றார். ஆமாம் சார் என்றேன். கொஞ்ச நேரம் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் இரண்டு வாரம் உதவியாளர், சரி. மேற்பார்வைக் கேஸ்கள், சரி. எமர்ஜென்சியில் கூடவே சீனியர் என்பதற்கு ஆள் இல்லை. போனில் கூப்பிட்டால் பதினைந்து நிமிடத்தில் வருவார்கள் என்றார். சாவி டிபார்ட்மென்ட் கிளார்க்கிடம். எல்லோருக்குமான விதி பற்றிப் பேச்சில்லை.

பிப்ரவரி 7 – வெள்ளி

வாரம் முழுக்க எதிர்ப்பக்கம் நின்று ரிட்ராக்டர் பிடித்தேன். உதவியாளராக நிற்பது இரண்டாம் தரம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை இடைவெளிக்குப் பிறகு நின்று பார்க்க வேண்டும். திசுவின் நிறம், இழுத்தால் எவ்வளவு கொடுக்கும், ரத்தம் வரும்போது எந்தக் கணத்தில் எல்லோர் கையும் நிற்கிறது, இதெல்லாம் கண் வழியாகத்தான் முதலில் திரும்புகிறது. தியேட்டர் சிஸ்டர் கருவி நீட்டும் தாளத்தோடு என் கை சேர மூன்று நாள் பிடித்தது. புதன்கிழமை முதல் யாரும் எனக்கு இரண்டு முறை சொல்லவில்லை.

முடிவெடுக்கும் திறன் அவ்வளவாகத் தேயவில்லை என்பதை ரவுண்ட்ஸில் கண்டேன். வயிற்று வலியோடு வந்த பெரியவரைத் தொட்டதும், இவரைக் காத்திருக்க வைக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது, சி.டி.யும் அதையே சொன்னது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஸ்கேன் இல்லாமல் வயிற்றைத் தடவித் தடவிக் கற்றது. அந்த வருடங்கள் வீண் இல்லை.

பிப்ரவரி 21 – வெள்ளி

இந்த வாரம் இரண்டு ஹெர்னியா செய்தேன், ஏ.பி. எதிரில் நிற்க. முதலாவதில் மெஷ்ஷின் முதல் தையல் போட நேரமெடுத்தது, அவர் அவசரப்படுத்தவில்லை. இரண்டாவதில் நரம்பைத் தேட வேண்டியிருக்கவில்லை, கை போன இடத்தில் இருந்தது. லேப்ராஸ்கோப்பியில் உள்முடிச்சு இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது. சாவி வாரம் இரண்டு நாள் கிடைக்கிறது. கிளார்க் அண்ணன் ஐந்து மணிக்குக் கிளம்புவதற்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

லாக் புக்கில் பென்சிலால் ஒரு பத்தி சேர்த்திருக்கிறேன்: 'கடைசியாகச் செய்த தேதி'. ஒவ்வொரு அறுவைக்கும். இன்று மாலை சீஃப் அதைப் பார்த்தார். பேனாவை எடுத்து ஹெர்னியா வரியில் கையெழுத்திட்டார். அப்பெண்டிக்ஸ் வரியில் இடவில்லை; "அடுத்த மாசம் பாப்போம்" என்றார். எனக்கு அது சரியாகவே பட்டது.

மாவட்ட மருத்துவமனை போஸ்டிங் முடித்து ஒரு ஜூனியர் நேற்றுத் திரும்பினான். அங்கே பெரும்பாலும் ஓ.பி.யும் கட்டு மாற்றுவதும்தான் என்றான். "அக்கா, அந்தப் பத்தி எப்படிப் போட்டீங்க?" என்று என் லாக் புக்கை வாங்கி, ஸ்கேல் வைத்துத் தன்னுடையதிலும் கோடு இழுத்துக்கொண்டான். திங்கள்கிழமை லிஸ்டில் முதல் கேஸ் ஹைட்ரோசீல். அவன் செய்கிறான், ஏ.பி. எதிரில், நான் இரண்டாவது உதவி. அவன் கடிதம் சீஃபுக்குப் போகிறது. என்னுடையதை மாதிரியாகக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேர் கேட்டால் அது விதியாக வாய்ப்பிருக்கிறது.